கன்னத்துக்குள் ஒளித்தது

தினேஷ், நேற்று நீ போனில் கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். "பவித்ரா முன்ன மாதிரி பேசவே மாட்டேங்குறாப்பா. போன எடுத்தா ரெண்டு வார்த்தை, அப்புறம் வேலை இருக்குன்னு வெச்சிடுறா. அவங்க வீட்ல யாராவது எதாவது சொல்லிட்டாங்களா? எனக்கென்னவோ இந்தக் கல்யாணமே வேணாமோன்னு தோணுது" என்றாய். புனேயில் உன் அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு, குரல் உடையாமல் பார்த்துக்கொண்டு நீ பேசியது எனக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான், "பொண்ணுங்கன்னா அப்படித்தான்டா, கல்யாணம் கிட்ட வந்தா ஒரு பயம் வரும்" என்று பெரிய மனிதன் தோரணையில் சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த கையோடு எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவள் உன்னிடம் பேசாமல் இருப்பதற்குக் காரணம் நான். உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று நான் அவளைக் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வராது, உண்மையைச் சொல்ல நான் விடவில்லை. பாவம், வேறு என்னதான் செய்வாள்? நீ கூப்பிடும்போதெல்லாம் சீக்கிரம் போனை வைத்துவிடுகிறாள். ஆகவே இந்தப் பத்தியோடு நிறுத்து. முதலில் அவளுக்கு ஒரு போன் போடு. அப்பா எல்லாவற்றையும் எழுதிவிட்டார், இனி நீ மறைக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொல். பிறகு வந்து மிச்சத்தைப் படி.

பேசிவிட்டாயா? சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா புகையிலை போடுகிறவன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சிகரெட் இல்லை, பீடி இல்லை. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை அடக்கிக்கொள்கிற ஆள். இப்போது என் வாய் முழுதாகத் திறப்பதில்லை. உள்ளே இடது பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது. அது என்னவென்று தெரிய, கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பவித்ரா சொல்கிறாள். கல்யாணம் முடியட்டும் என்று நேற்றுவரை நான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ ஒன்றும் தெரியாமல் பத்திரிகைக்கு எந்தப் பிள்ளையார் படம் போடலாம் என்று கேட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறாய்.

உனக்கு நம்ப முடியாது, எனக்குத் தெரியும். ஆவடி குவார்ட்டர்ஸில் நாம் இருந்த காலத்தில் ஒரு ஆயுத பூஜை. அன்றைக்கு மட்டும் குடும்பத்தாரை ஃபேக்டரிக்குள் விடுவார்கள். நீ ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ. புதுச் சட்டை போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட் வரிசையில் நின்றாய். எங்கள் பக்கம் பெயின்ட் ஷாப், வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற பிரிவு, தின்னர் வாடை எந்நேரமும் இருக்கும் இடம், ஒரு தீப்பொறி போதும். அதனால் கேட்டில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து, தீப்பெட்டி, லைட்டர், சிகரெட் எல்லாவற்றையும் வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். உனக்கு முன்னால் நின்ற மாமாக்கள் எல்லோரும் அசடு வழிந்துகொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். என் முறை வந்தபோது செக்யூரிட்டிக்காரர் என்னைத் தொடக்கூட இல்லை. "சார் கிட்ட ஒண்ணும் இருக்காது, நீங்க போங்க சார்" என்றார். நீ தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாய். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முதலில் சொன்ன விஷயம் வண்டியையோ கிரேனையோ பற்றி இல்லை, "எங்கப்பா கிட்ட மட்டும் தீப்பெட்டியே இல்லம்மா" என்பதுதான். அந்தச் செக்யூரிட்டிக்காரர் என்னை நம்பி உள்ளே விட்டபோதும், நீ நிமிர்ந்து நடந்தபோதும் என் கன்னத்துக்குள் அது இருந்தது.

எங்கள் ஷாப்பில் பாதிப் பேர் அப்படித்தான். நெருப்பு கூடாது என்ற விதிக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி அது. புகைக்கத்தானே கூடாது, மெல்லலாமே என்று வாயில் அடக்கிக்கொள்வோம். பெயின்ட் அடிக்கும்போது முகமூடி போட்டிருப்போம், கன்னம் உப்பியிருப்பது யாருக்கும் தெரியாது. ஒரே சிக்கல், துப்ப முடியாது. பெயின்ட் அடித்த தகட்டின்மேல் ஒரு துளி தெறித்தால் வேலையே கெட்டுவிடும், முகமூடியையும் அடிக்கடி கழற்ற முடியாது. ஆகவே எச்சிலை விழுங்கப் பழகினோம். முதலில் தலை சுற்றும், விக்கல் வரும், பழகிவிட்டால் ஒன்றும் தெரியாது. இதில் எனக்கு ஒரு பெருமை வேறு. பஸ் ஸ்டாண்டு சுவரைச் சிவப்பாக்குகிற கூட்டத்தில் நான் இல்லை, சட்டையில் கறை இல்லை, வாயில் வாடை இல்லை, ஒரு ஏலக்காய் போட்டால் போதும். என்னுடையது நாகரிகமான பழக்கம், இதை யாரும் பழக்கம் என்றே சொல்ல முடியாது என்று நான் உண்மையாகவே நம்பினேன். புகைதான் கெடுதல், புகை இல்லாவிட்டால் அது ஒரு மென்று தின்னும் பொருள், அவ்வளவுதான். இத்தனைக்கும் காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் பேப்பரில் புகையிலையைப் பற்றி எது வந்தாலும் வரி விடாமல் படித்து, மாலை வந்து உன்னிடம் ஒப்பிப்பேன். வெளிநாட்டில் சிகரெட் அட்டையில் கம்பெனி பேரைக்கூட அழகாகப் போட விடுவதில்லையாம் என்று நான் வியந்து சொன்னதும், "அப்ப எப்படிப்பா அடையாளம் கண்டுபிடிச்சு வாங்குவாங்க?" என்று நீ கேட்டதும் நினைவிருக்கிறதா? வாயைத் திறந்து பேசக் கூச்சப்பட வேண்டிய ஆள் அன்று அரை மணி நேரம் பேசினேன்.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. வேதாரண்யம் பக்கம் என் அப்பா பயிரிட்டதே புகையிலைதான். பூ எடுக்கிற சமயத்தில் செடியின் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், பக்கத்தில் துளிர்க்கிறதையும் விடாமல் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் சத்தெல்லாம் இலைக்கு ஏறி அது தடிக்கும், காரம் பிடிக்கும். விடியற்காலை ஈரத்தோடு இலை அறுக்கிற நாட்களில் எங்களுக்கெல்லாம் குமட்டும். வெறுங்கையால் தொட்டதற்கே வயலோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்திருக்கிறேன். தொட்டாலே குடலைப் புரட்டுகிற சாமான் இது என்று பத்து வயதில் தெரிந்துகொண்டவன்தான், பிழைப்புக்கு ஆவடிக்கு வந்து அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கினேன். படிக்காத குறை, பழகிய தோஷம், கூடா நட்பு என்று எதன்மேலும் பழியைப் போட எனக்கு வாயில்லை.

இப்போது அந்த அடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ ப்ளஸ் டூ படிக்கும்போது, ஆவடி ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு பையன்களோடு நீ நின்றதைப் பார்த்ததாக யாரோ எனக்குச் சொன்னார்கள். நீ வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் வாசலிலேயே மறித்தேன். உன் தாடையைப் பிடித்து, "வாயத் தெற. ஊது" என்றேன். நீ திறந்தாய். ஊதினாய். சிகரெட் வாடை வந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தே அறைந்தேன். நீ அழவில்லை. "ஒரே ஒரு இழுப்புப்பா, இனிமே தொடமாட்டேன். உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கித் தரமாட்டேன்" என்றாய். உன்னை அறைந்த வேகத்தில் என் பல்லில் அழுந்தி, கன்னத்துக்குள் இருந்தது கொஞ்சம் கரைந்து தொண்டையில் இறங்கியது. உனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே அதை விழுங்கினேன். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய் என்பது எனக்குத் தெரியும். கல்லூரியில் உன் நண்பர்கள் கேலி செய்தபோதும், "எங்கப்பா அப்படி இருந்து காட்டியிருக்காரு" என்று சொன்னாயாம். உன் நண்பன் ஒருவன் என்னிடமே வந்து சொன்னான். எதைக் கேட்டு ஒரு அப்பன் பூரித்துப் போக வேண்டுமோ, அதைக் கேட்டு எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவன் அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

ரிட்டயர் ஆனதும் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். வேப்பம்பட்டில் வீடு கட்டிக் குடிவந்தோம். இனி ஷாப் இல்லை, முகமூடி இல்லை, சாக்கும் இல்லை. ஆனால் பழைய பாக்கெட்டுகளுக்குத் தடை வந்த பிறகு மாவாவுக்கு மாறியிருந்தேன். பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் தேய்த்து ஒரு பிளாஸ்டிக் தாளில் உருட்டித் தருவார்கள், அதுவும் தடைதான், ஆனால் கேட்கிற விதத்தில் கேட்டால் கிடைக்கும். ரயில்வே கேட் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஏழுமலை என்னைப் பார்த்ததுமே, "வா சார், மாத்திரை ரெடியா கீது" என்பார். நான்கு பேர் நின்றால் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். இதற்கு நடுவில் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் எனக்குப் புகையிலை ஒழிப்புப் பேச்சாளர் என்று பேர். பழக்கம் எதுவும் இல்லாதவர் பேசினால்தான் பொருத்தமாக இருக்கும் என்று எல்லோரும் சேர்ந்து என்னை அனுப்பினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டு வந்த மறுநாள் ஏழுமலை பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே தரவில்லை. "சார், நேத்து ஸ்கூல்ல நீங்கதான் பேசுனீங்களாமே? எம் பொண்ணு ஊட்டுக்கு வந்து ஒரே அழுகாச்சி. கடைல இனிமே சிகரெட்டே விக்கக் கூடாதாம், வித்தா சோறு துன்னமாட்டாளாம். நா இன்னா பண்றது, நீயே சொல்லு சார்" என்றார். கிண்டல் இல்லை தினேஷ், நிஜமாகவே யோசனை கேட்டார். நான் அவர் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். போன மாதம் பார்த்தேன், அவர் சிகரெட் விற்பதை நிறுத்திவிட்டார், கடையில் இப்போது கடலை மிட்டாய் பாட்டில்கள். மாவா மட்டும் எனக்காக வைத்திருந்தார், பழைய ஆள் என்ற மரியாதைக்கு.

வாய் எரிய ஆரம்பித்து இரண்டு வருடம் இருக்கும். மிளகாய் பட்டால் உயிர் போகும். "வயசாகுது, காரத்தைக் குறைச்சிடு" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் குறைத்தாள், பிறகு அடியோடு நிறுத்தினாள். நீ லீவுக்கு வரும்போதெல்லாம், "என்னம்மா இது, ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி இருக்கு" என்று ஊறுகாய் பாட்டிலைத் தேடுவாய். போனில் என் பேச்சு குழற ஆரம்பித்தபோது, "அப்பா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுச் சிரிப்பாய். நானும் சேர்ந்து சிரிப்பேன். இட்லியை நாலாக, பிறகு எட்டாகப் பிய்த்துச் சாப்பிடப் பழகினேன். கண்ணாடி முன் நின்று பார்த்தால் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் அந்தப் பயங்கரமான வாய்ப் படம்தான் நினைவுக்கு வரும். அந்தப் படத்தைப் பார்க்காமலிருக்க ஒரு காலத்தில் பாக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தவன், இப்போது கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பவித்ராவின் ஜாதகம் வந்தது. உன் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நல்ல குடும்பம், முகப்பேரில் ஃப்ளாட், பெண் நல்ல நிறம், நல்ல குணம், தனியாக கிளினிக் வைக்கப்போகிறாள். என்ன டாக்டர் என்று கேட்டேன். பல் டாக்டர் என்றாள். உலகத்தில் எத்தனை வேலை இருக்கிறது, போயும் போயும் அடுத்தவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கிற வேலையா என் வீட்டுக்கு வர வேண்டும் என்று நினைத்தேன். பெண் பார்க்கப் போன அன்று நீங்கள் இருவரும் பால்கனியில் நின்று பேசினீர்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகும்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். திருமழிசையில் ஒரு ஜோசியர் இருக்கிறார், அவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, பஸ் ஏறி, திருமழிசையில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். பொருத்தம் இல்லை, ஏழாம் இடத்தில் ஏதோ தோஷமாம் என்று சொன்னேன். "நீங்க சொன்னா சரிப்பா" என்றாய். அந்த மாதம் முழுவதும் நீ போனில் பேசிய குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. என் வாய்க்குள் இருப்பதை ஒரு பெண் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக என் பிள்ளையின் கல்யாணத்தைக் கலைக்கப் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை, கிடைக்கவும் கூடாது.

உன் அம்மா என்னை நம்பவில்லை. இரண்டு ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு அவளே வேறொரு ஜோசியரிடம் போனாள். அவர் பேஷாகப் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டார். "உங்க ஜோசியர் கண்ணாடி மாத்தணும்னு நெனைக்கிறேன்" என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டு நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டாள். அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. அது என்னவென்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நிச்சயதார்த்தம் உனக்கு நன்றாக நினைவிருக்கும், ஆனால் நீ பார்த்தது வேறு, நடந்தது வேறு. தட்டு மாற்றும்போது அவர்கள் பக்கத்துப் பெரியவர் தாம்பூலத் தட்டை நீட்டி, "சம்பந்தி, வெத்தல போடுவீங்கள்ல?" என்றார். "எனக்கு வெத்தலப் பழக்கம்கூடக் கிடையாதுங்க" என்று சபை கேட்கச் சொன்னேன். எல்லோரும் ஆஹா என்றார்கள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். பிறகு போட்டோக்காரர் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டச் சொன்னார். பவித்ராவின் அப்பா ஒரு முழு லட்டை எடுத்து என் வாயருகே கொண்டுவந்தார். நான் திறந்தேன். திறந்தவரைக்கும் திறந்தேன். லட்டு பல்லில் இடித்து உடைந்து, பட்டுச் சட்டையெல்லாம் உதிர்ந்தது. "சம்பந்திக்கு வெட்கத்தப் பாரு!" என்று ஒரே சிரிப்பு, நீயும் சிரித்தாய். சிரிக்காமல் நின்றது ஒருத்திதான். மணப்பெண் அலங்காரத்தோடு நின்றுகொண்டு என் வாயையே பார்த்தாள்.

அடுத்த வாரம் அம்மாவுக்கு ரவிக்கைத் துணி காட்ட வந்தவள், அம்மா காபி போட உள்ளே போன நேரத்தில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. மூணு விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தா வாய்க்குள்ள வைங்க, பார்க்கலாம்" என்றாள். நல்ல வாயில் மூன்று விரலும் போக வேண்டுமாம். எனக்கு ஒரு விரல் போனது, இரண்டாவது பல்லில் இடித்தது. பல்வலிம்மா என்றேன். "இது பல்வலி இல்ல மாமா" என்று சொல்லிவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "எவ்ளோ வருஷமா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்னேன். கேட்டுக்கொண்டு, "இன்னியோட நிறுத்திடுங்க. பக்கத்துல நான் இருக்கேன். டெஸ்ட் எடுத்துடலாம். அவர் கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பெண் வயதிருக்கும் ஒருத்தியின் முன் கை கூப்பினேன். "தாலி ஏறுற வரைக்கும் சொல்லாதம்மா. அவன் என்னை ரொம்பப் பெரிசா நெனச்சுக்கிட்டு இருக்கான்" என்றேன். அவள் திடுக்கிட்டு எழுந்து என் கையைப் பிரித்துவிட்டாள். "நீங்க எனக்கு பேஷன்ட்டா இருந்தா யார் கிட்டயும் சொல்லமாட்டேன் மாமா. ஆனா நான் இந்த வீட்டுக்கு வரப்போறேன். அவர் கிட்ட ஒண்ண மறைச்சுக்கிட்டு அவர் பக்கத்துல மணையில எப்படி உக்காருவேன்? நீங்களே சொல்லிடுங்க, ப்ளீஸ். நான் காத்திருக்கேன்" என்றாள். அம்மா காபியோடு வந்ததும் ரவிக்கைத் துணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் காத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் உன்னிடம் பேச முடியவில்லை. நீ அவளைச் சந்தேகப்பட ஆரம்பித்ததை நேற்று என் காதாலேயே கேட்டுவிட்டு, அதையும் பூசி மெழுகினேன். புகையிலை போட்டதைவிட, அவளை அந்த நிலையில் நிறுத்தியதுதான் எனக்குப் பெரிய வெட்கம். முன்னது என் வாயைக் கெடுத்தது, பின்னது உங்கள் இருவரையும் கெடுக்க இருந்தது.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து உன் அம்மா, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். எதை என்றேன். "எதையாவது ஒண்ணு" என்றாள். அவளுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியுமாம். தலையணை உறையில் பழுப்புக் கறை பார்த்தே கண்டுபிடித்துவிட்டாளாம். "நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். அப்புறம் பையன் உங்கள பாத்து வளர்றான், அந்த நெனப்பக் கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன். கேட்டிருக்கணும். என்மேலயும் தப்பு" என்று அழுதாள். நான் மறைப்பதாக நினைத்துக்கொண்டு வாழ்ந்த வீட்டில் இத்தனை வருடமும் அவள் எனக்காகத் தலையணை உறை துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். காரம் போடாமல் சமைத்து அவளும் அதையே சாப்பிட்டிருக்கிறாள். நான் ஒருத்தியை முப்பது வருடம் செய்ய வைத்ததை, பவித்ரா முப்பது நாள்கூடச் செய்ய மறுத்துவிட்டாள் என்பதில் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நிம்மதிதான் இருக்கிறது.

இப்படி ஒரு கடிதத்தில் அப்பன் பிள்ளைக்குப் புத்திமதி சொல்வது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உனக்கும் நாளைக்கு ஏதாவது ஒன்று வரும், சிகரெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெளியே வாடை வராத பழக்கம்தான் ரொம்ப நாள் தங்கும். அதை அவளிடம் நீயே சொல்லிவிடு, அவள் துவைக்கிற துணியிலிருந்து தெரிந்துகொள்ளும்படி வைக்காதே. உனக்குப் பிள்ளை பிறந்து, "எங்கப்பா கிட்ட தீப்பெட்டியே இல்ல" என்று உன்னைப் பார்த்துச் சொன்னால், அன்றைக்கே அவனை உட்காரவைத்து உன் குறையில் ஒன்றையாவது சொல்லிவிடு. பிள்ளைகள் நம்மைத் தூக்கி வைக்கிற உயரத்திலிருந்து தாமதமாக இறங்குவது ரொம்பக் கஷ்டம், நான் இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

சங்க மலருக்குப் புகையிலை ஒழிப்பு பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப்போகிறேன், நீ சரி என்றால். என்னோடு முகமூடிக்குள் மென்ற ஆட்கள் அதைப் படிப்பார்கள், அவர்களில் எத்தனை பேர் இட்லியை எட்டாகப் பிய்க்கிறார்களோ தெரியாது. பள்ளிக்கூடப் பேச்சுக்கு இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஏழுமலையிடமும் சொல்லிவிட்டேன். "மாத்திரை வேணாமா சார்? ஒடம்பு நல்லாயிட்ச்சா?" என்று கேட்டார். இனிமேதான் பார்க்கணும் என்றேன். பவித்ரா சொன்ன அன்று நிறுத்தியதிலிருந்து கை நடுங்குகிறது, எதற்கெடுத்தாலும் அம்மாவிடம் எரிந்து விழுகிறேன், ஏலக்காயை மென்று மென்று நாக்கு புண்ணாகிவிட்டது. இதையும் உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

திங்கட்கிழமை சதை எடுக்கிறார்கள். இனித் தள்ளவில்லை என்று நான் சொன்னதும் பவித்ராவே பேசி நாள் வாங்கியிருக்கிறாள். முடிவு என்ன வரும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது தினேஷ். நீ ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருவதாகச் சொன்னாய், வா. வந்ததும் என் காலில் விழாதே. அன்று ஆவடி வீட்டில் நான் உன்னை நிறுத்தியதுபோல, உள்ளே விடாமல் வாசலிலேயே என்னை நிறுத்து. தாடையைப் பிடித்து, "வாயத் தெற" என்று சொல். எதிர்வீட்டார் பார்த்தால் பார்க்கட்டும். எவ்வளவு திறக்கிறதோ, அவ்வளவு திறக்கிறேன்.